டன்சினன் மலையடியில் மக்பெத்: ஒரு நாடகப் பட்டறை பற்றி

பூண்டுலோயாப் பக்கத்திலுள்ள எங்கள் பாடசாலைக்குக் கண்டியிலிருந்து மூன்று பேர் வந்து, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் மக்பெத் நாடகப் பட்டறை நடத்திவிட்டுப் போனார்கள். தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாலைந்து பேர், "எப்படி, கூப்பிடலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா" என்று கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு விதமாகப் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது.

முதலில் பதில். கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அவர்கள் கொண்டுவரும் கையேட்டின் முதல் பக்கத்தை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இதை நான் எழுத உட்கார்ந்ததே பாதி அதற்காகத்தான்.

வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள், ஒரு பெண். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. விளம்பரம் ஒன்றும் கிடையாது. ஒரு பாடசாலை சொல்லி இன்னொரு பாடசாலை கூப்பிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு நாளுக்கும் சேர்த்து 20,000 ரூபா வாங்கினார்கள். பஸ் செலவு அவர்களுடையது, பகல் சாப்பாடு எங்களுடையது. பழைய மாணவர்கள் கொஞ்சம் கொடுத்தார்கள், மீதியை ஆசிரியர்கள் நாங்கள் பகிர்ந்துகொண்டோம். தரம் 10, 11 பிள்ளைகள் 43 பேர். காலை 8.30க்குத் தொடங்கி 2.30க்கு முடித்தோம். அதற்கு மேல் வைத்தால் மேல் டிவிசன் பிள்ளைகள் மூன்று கட்டை தூரம் இருட்டில் ஏற வேண்டிவரும்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் மக்பெத் என்று அதிபரும் கேட்டார். ஷேக்ஸ்பியர் எழுதிய சோக நாடகங்களில் இதுதான் ஆகச் சிறியது, ஓட்டமும் வேகம், ஒரு தவணைக்குள் அடக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் பாடசாலை வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். எங்கள் பிள்ளைகளில் பலர் டன்சினன் தோட்டத்துப் பிள்ளைகள். பூண்டுலோயாவில் டன்சினன் என்றால் ஒரு தோட்டம், ஒரு தொழிற்சாலை, ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு பஸ் தரிப்பு. நாடகத்தில் டன்சினன் என்பது மக்பெத் கடைசியில் ஒளிந்துகொண்டு நின்று சாகிற கோட்டை இருக்கும் மலை. ஸ்கொட்லாந்தில் அந்த மலை இன்றும் அதே பெயரில் இருக்கிறது. இங்கே முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் போட வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவர்தான். தங்கள் ஊர் நினைவில் எங்கள் மலைகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். டிக்கோயாவில் டன்கெல்ட் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் டன்கெல்ட் ஊருக்கு எதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் பேர்னாம். நடந்துவந்து மக்பெத்தை முடித்த காடு அந்தப் பேர்னாம் காடுதான்.

இதை நான் பட்டறைக்கு முதல் வாரமே வகுப்பில் சொன்னேன். "அப்ப எங்க தோட்டத்துப் பேரு அந்தாளு செத்த எடமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்ட விதத்திலேயே நாடகம் தொடங்கிவிட்டது. வந்த மூவருக்கும் இந்த விசயம் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் அந்தப் பெண் பயிற்றுநர் பெயர்ப் பலகையைப் படம் எடுக்கக் கீழே இறங்கிப் போனார். நீங்கள் கூப்பிட்டால் உங்கள் தோட்டத்துப் பெயரைப் பற்றி முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பயன்படுத்தத் தெரிந்தவர்கள்.

முதல் சனிக்கிழமை ஆரம்பமே மழை. எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. அரை மணித்தியாலம் போய்விடும் என்று நான் கவலையோடு நிற்க, அவர்களில் மூத்தவர் கையைக் காட்டி எல்லோரையும் தரையில் உட்காரவைத்தார். மழை ஓயும்வரை காத்திருக்கவில்லை. நாடகத்தின் முதல் வரியே "இடி, மின்னல். மூன்று சூனியக்காரிகள் வருகிறார்கள்" என்பதுதான் என்று ஒவ்வொரு வரிசையாகப் போய்க் காதோடு சொன்னார். பிறகு மூன்று மூன்று பேராக எழும்பி, கூரைச் சத்தத்துக்குள் வாயசைத்து மட்டும் ஒரு இரகசியம் பேசச் சொன்னார். வாயசைவு தெரிகிறது, சொல் கேட்கவில்லை. யன்னல் வழியாக மூடுபனி உள்ளே வருகிறது. "நன்மையே தீமை, தீமையே நன்மை" என்ற அவர்களுடைய மந்திரத்தை மழை சற்றுக் குறைந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மக்பெத் மேடைக்கு வந்து பேசும் முதல் வசனத்திலும், இத்தனை தீமையும் நன்மையும் கலந்த நாளை நான் கண்டதில்லை என்று அதே இரண்டு சொற்கள் வருகின்றன. அவனுக்குத் தெரியாமலே அவர்கள் வார்த்தை அவன் வாயில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டார்கள். கண்டுபிடித்தவள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை.

சூனியக்காரி என்ற சொல்லை அவர்கள் பிறகு கைவிட்டார்கள். எங்கள் லயங்களில் யாருக்காவது காய்ச்சல் மாறாவிட்டால் குறி கேட்கப் போவது வழக்கம். பிள்ளைகளுக்குக் குறி என்றால் என்ன, குறிகாரம்மா எப்படிப் பேசுவார் என்று நன்றாகத் தெரியும். "மூன்று குறிகாரிகள்" என்று மாற்றியதும் விளக்கம் தேவைப்படவில்லை. அதில் ஒரு முக்கியமான இடத்தைப் பயிற்றுநர் பிடித்தார். அந்த மூவரும் மக்பெத்திடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நீ கிளாமிஸ் பிரபு, நீ கோடோர் பிரபு, நீ அரசனாவாய் என்று சொன்னார்கள். கொல்லச் சொன்னார்களா? பிள்ளைகள் கையிலிருந்த பிரதியை மறுபடி மறுபடி பார்த்தார்கள். இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. கொலை என்ற சொல் முதலில் வருவது மக்பெத்தின் சொந்த நினைப்பில். இந்த ஒரு விசயத்துக்காக மட்டும் 40 நிமிடம் செலவழித்தார்கள், நான் அதை வீண் என்று சொல்லமாட்டேன்.

பட்டங்களையும் பதவிகளையும் விளக்குவதற்குத்தான் நான் பயந்தேன். பிரபு, சிற்றரசு என்றெல்லாம் சொல்லிப் புரியவைக்க ஒரு பாடவேளை போகும். அதற்குள் பின்வரிசையில் இருந்து ஒருவன் எழும்பி, "கங்காணியா இருக்கிறவருகிட்ட வந்து நீங்க கணக்கப்பிள்ளை ஆவீங்க, அப்புறம் பெரிய துரை ஆவீங்கன்னு சொன்ன மாதிரி. வீட்டுக்குப் போகும்போதே கணக்கப்பிள்ளை கடிதம் வந்திருச்சு. அப்ப மத்ததும் நடக்கும்னுதானே நெனைப்பாரு" என்றான். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. நாடகத்திலும் அப்படித்தான். குறி சொல்லி முடித்த சூடு ஆறுமுன்னே கோடோர் பிரபுப் பட்டம் கிடைத்த செய்தி வந்துவிடுகிறது. அந்தப் பட்டமும் துரோகம் செய்து மரண தண்டனை பெற்ற ஒருவனிடமிருந்து பறித்துக் கொடுத்தது. அடுத்த காட்சியிலேயே அரசன் டன்கன், எனக்குப் பின் என் மகன் மல்கம்தான் என்று சபையில் அறிவித்துவிடுகிறான். மேலே போகிற படியில் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அதே பையன்தான். "அப்ப துரை ஆகணும்னு ஆசைப்படுறது தப்பா சேர்?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கேள்வி வரும் என்று பட்டறைக்குச் சம்மதித்த நாளிலிருந்தே எனக்குள் ஒரு பயம் இருந்தது. நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் பாட்டி 1948க்குப் பிறகு பிரஜாவுரிமை இல்லாமல் வாழ்ந்து, இல்லாமலே இறந்தவர். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் அம்மா எனக்குச் சொன்னதெல்லாம், படி, மேலே போ, இந்த மலையை விட்டு மேலே போ என்பதுதான். எங்கள் பிள்ளைகளிடம் ஆசை கூடிப்போய்விட்டது என்று ஒரு நாளும் நான் கண்டதில்லை. சாதாரண தரம் முடித்ததும் கொழும்பில் கடையில் நிற்கப் போகலாம் என்பதற்கு மேல் நினைக்கத் துணியாத பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறேன். அவர்களைக் கூட்டிவைத்து, ஆசைப்பட்டவன் அழிந்தான் என்று ஒரு கதையைச் சொல்லி அனுப்பினால் அது பெரிய பாவம்.

கையேட்டின் முதல் பக்கத்தில் அதுதான் இருந்தது. கொட்டை எழுத்தில், "பேராசை பெருநட்டம் என்பதை விளக்கும் நாடகம் மக்பெத்." நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்திலும் இதே வசனத்தைத்தான் எங்களுக்குச் சொல்லி எழுதவைத்தார்கள். நாடகத்தை வாசிக்கவில்லை, வாசிக்கச் சொல்லவும் இல்லை. நானும் பல வருசம் அதையே கரும்பலகையில் எழுதினேன், அதற்காக வருந்துகிறேன். மூலத்தை முதன்முறை உட்கார்ந்து முழுதாக வாசித்தபோதுதான் அந்த வசனத்துக்குள் நாடகம் அடங்கவில்லை என்று புரிந்தது.

பயிற்றுநர் உடனே பதில் சொல்லவில்லை. அதற்காக அவரை மெச்சுகிறேன். "அம்பிஷன்" என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று திருப்பிக் கேட்டார். பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஒரு கடதாசியில் எழுதினார். இலட்சியம், ஆசை, பேராசை, பதவி ஆசை, கனவு, வெறி. அகராதி வைத்திருந்தவள் "பேரவா" என்றாள். இலட்சியம் என்றால் மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறோம், பேராசை என்றால் திட்டுகிறோம், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சொல்லாக இருப்பதால்தான் மக்பெத் தன்னைப் பற்றி அதே சொல்லைச் சொல்லும்போது அது நல்லதா கெட்டதா என்று நாம் தீர்ப்பு எழுதிவிட முடியவில்லை. தமிழில் சொல்லப் போனால் வாயைத் திறந்த உடனேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. இத்தனை காலம் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களோடு பழகியும் நான் இதை யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்தப் பட்டறையின் உயிர். மண்டபத்துக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே டன்கன் தூங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கதவுக்கு முன்னால் மக்பெத்தாக ஒருவன். மற்ற 42 பேரும் ஒவ்வொருவராக அவனிடம் போய், உள்ளே போகாதே என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணத்தை இன்னொருவர் சொல்லக்கூடாது. "சொந்தக்காரன்." "சம்பளம் கொடுக்கிறவர்." "பட்டம் கொடுத்திருக்காரு, நன்றி இல்லையா." "வயசானவரு." "உன் வீட்டுல சாப்பிட்டுட்டுத் தூங்குறாரு." கடைசிக் காரணத்தைச் சொன்னவள் சொல்லிவிட்டு அழுதே விட்டாள். பிறகுதான் முதல் அங்கம் ஏழாம் காட்சியை எடுத்து வாசித்தார்கள். மக்பெத்தும் அதே காரணங்களை வரிசையாகச் சொல்கிறான்: நான் அவனுக்கு உறவினன், அவன் ஆட்சிக்குட்பட்ட குடிமகன், அவனுக்கு விருந்து கொடுப்பவன், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன் நானே கத்தியைத் தூக்கலாமா. தாங்கள் யோசித்ததை ஷேக்ஸ்பியரும் யோசித்திருக்கிறார் என்று கண்ட பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 1606 அளவில் எழுதிய நாடகம், பூண்டுலோயாவில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, தன் பக்கத்துக்கு வந்து நின்றது.

அந்தப் பேச்சின் முடிவில் வரும் உவமைக்கும் நேரம் கொடுத்தார்கள். குதிரையை விரட்டுவது போல என்னை விரட்ட வேறு முள் கிடையாது, எகிறிப் பாயும் ஆசை மட்டும்தான், அது அளவுக்கு மிஞ்சி எகிறி அந்தப் பக்கம் போய் விழுகிறது என்கிறான். இதைத் தமிழாக்கச் சொல்லி ஐந்து குழுவிடம் கொடுத்தார்கள். குதிரையை நுவரெலியாப் பந்தயத் திடலில் பார்த்த ஒருத்தியின் குழு எழுதியது: "சேணத்தில் உட்கார எகிறினவன், உட்காராமல் அந்தப் பக்கம் போய் விழுந்தான்." ஏறியது தப்பென்று அதில் இல்லை. இதைப் பார்த்ததும் கேள்வி கேட்ட பையன் தலையாட்டினான். ஒன்றும் சொல்லவில்லை.

கத்திக் காட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தி எதுவும் கொண்டுவரவில்லை. வெறும் காற்றைப் பிடிக்கவைத்தார்கள், அது போதுமாக இருந்தது. டன்கனைக் கொல்வதை மேடையில் காட்டுவதே இல்லை. காட்டுவது கொலைக்குப் பிறகு கேட்கும் கதவுத் தட்டல். எங்கள் பிள்ளைகளில் ஒருவனின் சித்தப்பா காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர். தப்பை வாங்கிவந்து வெளியே நின்று தட்டவைத்தார்கள். முதலில் மெதுவாக, இடைவெளி விட்டு. "இந்தத் தட்டலால் டன்கனை எழுப்பிவிடு, உன்னால் முடிந்தால்" என்று மக்பெத் சொல்வதோடு முதல் நாள் முடிந்தது. அந்தப் பிள்ளைகள் அன்று எப்படி வீடு போனார்களோ தெரியாது. வாரம் முழுக்க இடைவேளையில் வாங்குகளில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காமன் கூத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லேடி மக்பெத் கணவனைத் தூண்டும் காட்சியைச் செய்தபோது ஒரு மாணவி, "ரதி மன்மதனப் போக வேணாம்னு தடுத்தா, இவ போ போன்னு தள்ளுறா" என்றாள். மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மன்றாடியும் கேட்காமல் சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் மன்மதன் எரிகிற கதையை எங்கள் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாள் முதல் பார்க்கிறார்கள். அதை விட்டு இதைத் தொடங்கியிருந்தால் தவறு. பயிற்றுநர்கள் மூவருக்கும் காமன் கூத்து நன்றாகத் தெரியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று எங்கள் கூத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் இதே இடத்தில்தான் எனக்கு இரண்டாவது குறை. பையன்கள் சிலர் சிரித்துக்கொண்டு, "எல்லாம் பொம்பளையால வந்த வினை" என்றார்கள். பயிற்றுநர் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார். நேரம் போதாது என்று பிறகு சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெண் பிள்ளைகள் 26 பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. திங்கட்கிழமை நான் மூன்றாம் அங்கத்தை எடுத்து வகுப்பில் வைத்தேன். தன்னோடு நின்று குறி கேட்ட தோழன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது மக்பெத் மனைவியிடம் சொல்வதே இல்லை. நீ தெரியாமலே இரு, முடிந்த பிறகு மெச்சு என்கிறான். முதல் கொலைக்குத் தூண்டியவள் இரண்டாவது கொலைக்குக் கேட்கப்படவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் நாடகத்தில் தேய்ந்துகொண்டே போகிறாள். சிரித்தவர்களில் ஒருவன் கொப்பியில் எழுதியிருந்தான்: "மேலே போன பிறகு அவளையும் கீழே விட்டுவிட்டான்." அதற்கு நான் முழுப் புள்ளி போட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை வெயில். விருந்தில் பாங்கோவின் ஆவி வரும் காட்சியை நன்றாகத்தான் செய்தார்கள், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கத்தில் நடக்கும் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளை வெளியே பீலிக்கரைக்குக் கூட்டிப்போய், இரண்டு நிமிடம் பேசாமல் கை கழுவச் சொன்னார்கள். எங்கள் பீலித் தண்ணீர் விடியவும் சரி, மத்தியானமும் சரி, கையை விறைக்கவைக்கும். லேடி மக்பெத் போகாத கறையைக் கழுவிக்கொண்டே, அந்தக் கிழவனின் உடம்பில் இவ்வளவு இரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார் என்று கேட்கிற இடம் அது. ஒரு மாணவி தன் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "எங்க அம்மா வெரல்லயும் கறை போகாது மிஸ், கொழுந்துக் கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சாலும் போகாது" என்றாள். கொஞ்சம் நின்றுவிட்டு, "அம்மா அதப் பாத்துப் பயப்பட மாட்டாங்க" என்றாள். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன்.

மூன்றாவது குறை, அவர்கள் நான்காம் அங்கத்தில், மக்பெத்தை எதிர்த்து இங்கிலாந்துக்குப் போய்விட்ட பிரபு மக்டஃபின் வீட்டுக் காட்சியைத் தாண்டிவிட்டார்கள். சின்னப் பிள்ளையைக் கொல்லும் காட்சி, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனாலும் நான் உடன்படமாட்டேன். அரசனைக் கொல்வதை மேடைக்குப் பின்னால் வைத்த ஷேக்ஸ்பியர், இந்தப் பிள்ளையைக் கொல்வதை நம் கண் முன்னால் வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை அரசனாக ஆசைப்படவில்லை, யார் வழியிலும் குறுக்கே நிற்கவில்லை. தாயோடு விளையாட்டாய் வாதம் செய்துகொண்டிருக்கிறான். தகப்பனைத் துரோகி என்றவனைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்கிறான். "என்னைக் கொன்னுட்டான் அம்மா, நீங்க ஓடுங்க" என்று விழுகிறான். ஆசை ஒருவனுக்குள் என்ன செய்கிறது என்பதை முதல் மூன்று அங்கத்தில் பார்க்கிறோம். அதிகாரம் கையில் வந்ததும் சம்பந்தமே இல்லாத வீட்டில் என்ன செய்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. இதை விட்டால் மக்பெத் ஒரு தனி மனிதனின் மனக்கஷ்டமாக முடிந்துபோகும். நான் பிறகு வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் தாங்கினார்கள். கோபப்பட்டார்கள். மக்பெத்துக்காக அதுவரை இரக்கப்பட்டவர்கள் அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள். கடைசிக் காட்சிக்கு அந்தக் கோபம் தேவை.

கையேட்டில் சரித்திரப் பகுதியும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. மக்பெத் என்ற அரசன் உண்மையில் இருந்தவர். 1040 முதல் 1057 வரை, 17 வருடம் ஸ்கொட்லாந்தை ஆண்டவர். டன்கன் தூக்கத்தில் கொல்லப்பட்டவரல்ல, 1040இல் போரில் இறந்தவர். நாடகத்தில் வருவது போல வயதானவரும் அல்ல. கையேடு நாடகத்தையும் சரித்திரத்தையும் ஒரே பந்தியில் கலந்துவிட்டது. வாயால் சொன்னபோது மட்டும் சரியாகச் சொன்னார்கள். ஸ்கொட்லாந்து அரசர் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் அரசரானார், அவருடைய வம்சம் பாங்கோவின் வழி வந்ததாக அந்தக் காலத்தில் நம்பினார்கள், அதனால் பாங்கோ நாடகத்தில் நல்லவனாக வருகிறான் என்று விளக்கினார்கள். 1605இல் பாராளுமன்றத்தோடு சேர்த்து அரசரை வெடிவைத்துக் கொல்லச் சதி நடந்து பிடிபட்டதையும், அடுத்த வருடமளவில் அரசனைக் கொன்றவனின் கதை மேடையேறியதையும் சேர்த்துச் சொன்னபோது, "அந்த அரசரும் வந்து பாத்திருப்பாரா சேர்?" என்று பிள்ளைகள் ஆவலாய்க் கேட்டார்கள். நல்ல பகுதி, எழுத்திலும் அப்படியே வர வேண்டும். தமிழில் இதற்கொரு வழி முன்பே போட்டிருக்கிறது என்பதையும் கையேட்டில் சேர்க்கச் சொன்னேன். எங்கள் நாட்டு விபுலாநந்த அடிகள் 1926இலேயே மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டைத் தமிழ் வாசகருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பேர்னாம் காட்டுக்கு வருகிறேன். காடு நடந்து வந்தாலன்றி உனக்குத் தோல்வியில்லை என்று குறிகாரிகள் சொன்னதை நம்பி மக்பெத் கோட்டைக்குள் இருக்கிறான். மல்கமின் படை ஆளுக்கொரு கிளையை வெட்டிப் பிடித்து மறைந்துகொண்டு வருகிறது. கிளைக்கு என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டிருந்தார்கள். மேல் மலையில் அப்போது கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டிப்போட்ட தேயிலை மிலாறு கிடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லி, கேட்டு வாங்கி வந்தார்கள். 30 பேர் மிலாற்றுக் கட்டைத் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு விளையாட்டுத் திடலின் கீழ்ப் படிக்கட்டிலிருந்து மேலே ஏற, மக்பெத்தாக நடித்தவன் மண்டபத்து வாசலில் நின்று பார்த்தான். பயிற்றுநர் அவனிடம், காடு நடந்து வருவதை நீ பார்த்ததே இல்லை, அதை நினைத்துக்கொண்டு பார் என்றார். அவன் திரும்பி, "நான் பாத்திருக்கேன் சேர். பின்னேரம் அம்மாமாரு மிலாறு தூக்கிக்கிட்டு வரிசையா வருவாங்க. லயத்துல நின்னு பாத்தா ஆளு தெரியாது, செடி மட்டும்தான் நடந்து வரும்" என்றான். ஸ்கொட்லாந்தின் டன்சினனில் நின்றவனுக்கு வராத நினைப்பு இது.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறை முழுக்கத் தமிழில்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆங்கில வரி மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஐந்து புள்ளி எடுக்கிற பிள்ளைக்கும் உண்டு. "டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ" என்பதை எங்கள் பிள்ளை ஒருவன் தளர்ந்த குரலில் சொன்னபோது ஆங்கில ஆசிரியை வகுப்பை விட்டு வந்து வாசலில் நின்றார். ஒரு வரிக்குப் பதில் நாலு வரி கொடுத்திருக்கலாம். பிள்ளைகளால் முடியும்.

கூப்பிட நினைப்பவர்களுக்கு: மண்டபத்தில் கதவு ஒன்றாவது சரியாகச் சாத்தக்கூடியதாக இருக்க வேண்டும், அது இல்லாமல் முதல் நாள் பயிற்சி நடக்காது. தட்டுவதற்குத் தப்பு மேளம் ஒன்று தேடிவையுங்கள். இரண்டு நாளையும் ஒரே வாரத்துக்குள் வைக்காதீர்கள், இடையில் ஏழு நாள் பிள்ளைகளின் மனதில் கிடக்க வேண்டும். மக்டஃப் வீட்டுக் காட்சியை விடக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கையேட்டைக் கொமியூனிகேஷனில் பிரதி எடுக்கும்போது இரண்டாம் பக்கத்திலிருந்து எடுங்கள். முதல் பக்கத்தைப் பற்றி நான் அவர்களிடம் நேரடியாகவே சொன்னேன். மனம் நோகவில்லை. "அப்போ அந்த இடத்தில் என்ன போடலாம் டீச்சர்?" என்று கேட்டார்கள். சேணத்து வரியை எழுதிய பிள்ளைகளின் சம்மதத்தோடு அந்த வரியை அனுப்பியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்து மண்டபத்தைக் கூட்டும்போது பேர்னாம் காடு முழுவதும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. வீசிவிடலாமா என்று பயிற்றுநர் கேட்டார். மேல் டிவிசன் பிள்ளைகள் இருவர் விடவில்லை. காய்ந்த மிலாறு, அடுப்புக்கு ஆகும் என்று இரண்டு கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.